மோட்டாரின் விலையும் ஸ்ரீ ஜி. டி. நாயுடுவும்

சென்ற மாதம் தொப்பம்பட்டிக்கு ஒரு காரியமாகப் போயிருந்தோம். பழனிக்கு வடக்கே, தாராபுரம் பக்கமாக உள்ள அவ்வூரையும் சுற்றுப்புறத்தையும் நேயர்களிற் பலர் அறிந்திருப்பர். அங்கே மழையை மட்டும் நம்பி வெள்ளாமை செய்பவன் பாதி வருஷம் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கிணறும் ஆழ்துளைக் குழாயும், அவற்றினின்று தண்ணீரை மேலே கொணரும் மின்சார மோட்டாரும் இல்லாவிடில் தென்னையும் இல்லை, மக்காச்சோளமும் இல்லை. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்றின் வாயிலில், விவசாயப் பெரியவர் ஒருவர் தமது கருகிப்போன மோட்டாரை முன்னே வைத்துக்கொண்டு கடைக்காரருடன் வாதாடிக்கொண்டிருந்தார். பழையதற்குக் காயில் கட்டுவதா, புதியதே வாங்கிவிடுவதா என்பது விவகாரத்தின் முதற்பகுதி. இரண்டாவது பகுதிதான் நம்மை நிற்கச் செய்தது. ஒரே குதிரைச்சக்தி என்று பெயர்ப்பலகையில் அடித்திருக்கும் இரண்டு புது மோட்டார்களுக்கு விலை இவ்வளவு வித்தியாசப்படுவானேன் என்று பெரியவர் கேட்டார். இரண்டுக்கும் மேலே பூசியிருப்பது ஒரே வர்ணம். இரண்டும் சுற்றத்தானே போகின்றன?

நாம் வக்கீல் தொழில் செய்பவர் என்பதை அறிந்த கடைக்காரர், மத்தியஸ்தம் செய்யுமாறு நம்மைப் பிடித்துக்கொண்டார். செம்பு விலை ஏறியிருக்கிறது என்று ஏதோ சொல்லி வைத்தோம். அந்தப் பதில் பெரியவருக்கும் திருப்தி தரவில்லை, நமக்கும் தரவில்லை. ஊர் திரும்பும் வழியெல்லாம், ஒரு சாமானின் விலை எதனால் அமைகிறது என்ற அதே கேள்வியை வாழ்நாள் முழுதும் விடாமல் கேட்டு, சர்க்காரோடும் சண்டையிட்ட ஒருவரின் சரித்திரமே நினைவில் ஓடிற்று. அவர்தாம் கோயமுத்தூர் ஸ்ரீ ஜி. டி. நாயுடு.

2025-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், கோவை அவிநாசி சாலையில் கட்டப்பட்ட 10 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள மேம்பாலத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பாலத்தின் பெயரில் ஜாதிப் பட்டம் இருக்கலாமா என்பது பற்றிச் சில நாட்கள் பெரும் விவாதம் நடந்தது. அவர் செய்த வேலை எது என்பதைப் பற்றி அவ்வளவு பேச்சு நடந்ததாக நமக்குத் தெரியவில்லை.

ஸ்ரீ நாயுடு 1893-ஆம் வருஷம் மார்ச் மாதம் 23-ஆம் தேதி, கோயமுத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் கோபால்சாமி நாயுடு விவசாயி. பையனுக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றுவிட்டது. நம்மைப்போல் இங்கிலீஷ் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இதைக் கேட்டு அனுதாபப்படுவது வழக்கம். அனுதாபத்துக்கு இடமில்லை என்பதை மேலே காண்போம். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் ஊர்ப்பக்கம் வந்ததைப் பார்த்த நாள் முதல், அதைப் போன்ற வண்டி ஒன்று தமக்கும் வேண்டும் என்ற ஆவல் அவரைப் பிடித்துக்கொண்டது. கோவைக்குப் போய் ஹோட்டலில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். சம்பளத்தில் மீதி பிடித்து, கடைசியில் அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றவில்லை. ஆணி ஆணியாகக் கழற்றிப் பரப்பினார். பின்பு அதே வரிசையில் பூட்டினார்.

இந்தச் செய்கையை அவருடைய மேதாவிலாசத்துக்கு அடையாளமாகச் சொல்வார்கள். நாம் வேறொன்றையும் அதில் காண்கிறோம். யந்திரத்தைப் பூட்டிய நிலையில் பார்ப்பவனுக்கு அதன் விலை ஒரே தொகை. கழற்றிப் பார்த்தவனுக்கோ அது நூறு சிறு தொகைகளின் கூட்டு. இந்தத் துண்டு வெறும் வார்ப்பிரும்பு, இதை உள்ளூர்க் கொல்லரே வார்ப்பார். இந்தத் துண்டுக்கு மட்டும் சீமையிலிருந்து வரும் உருக்கு வேண்டும். இதில் சாமான் அற்பம், வேலைதான் அதிகம். இவ்விதம் பிரித்துக் கணக்குப் பார்க்கும் கண் இளமையிலேயே அவருக்கு வாய்த்தது.

பிறகு பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். முதல் மகாயுத்த காலத்தில் பணம் சேர்ந்தது. பம்பாய்க்குச் சென்று அதே பஞ்சில் சேர்த்ததை இழந்தார். கோவைக்குத் திரும்பியவருக்கு ஸர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலத் தொழிலதிபர் கைகொடுத்தார். அவர் கொடுத்த கடனைக்கொண்டு 1920-இல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். ஆம், நம் பழனிக்குத்தான். முருகன் சந்நிதிக்கு வந்த யாத்திரிகரின் பிரயாணக் காசில் வளர்ந்தது அவருடைய தொழில். அந்த ஒரு வண்டி, யு.எம்.எஸ். என்று ஜில்லாவெங்கும் பெயர் பெற்ற பெரிய ஸ்தாபனமாக வளர்ந்தது. பஸ் தொழில் அவருக்குக் கற்பித்த பாடம் ஒன்றுண்டு. ஓடாமல் நிற்கும் வண்டிக்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஒருமுறை போட்ட முதலை எத்தனை நடைக்குப் பங்கிடுகிறோமோ அதைப் பொறுத்தே நடை ஒன்றின் செலவு ஏறும் அல்லது இறங்கும். மோட்டார் விலையிலும் இதுவே பாதி சூத்திரம்.

இனி, நாட்டின் நிலையைச் சிறிது பார்க்க வேண்டும். 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பிறந்து கோவைச் சமவெளிக்கு இறங்கிற்று. அதுவரை கொங்கு நாட்டுக் கிணறுகளில் இரண்டு எருதுகள் கவலை இறைத்தன. வசதியுள்ளோர் எண்ணெய் இஞ்சின் வைத்திருந்தனர். மின்சாரம் வந்ததும் நூல் மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மில்லுக்கும் மோட்டார் தேவை, கிணற்றுக்கும் மோட்டார் தேவை. மோட்டாரோ கப்பலில் வர வேண்டும். நம் மலையில் விழும் தண்ணீரால் பிறக்கும் சக்தியை நம் கிணற்றில் உபயோகிக்க, நடுவே இங்கிலாந்துக்கோ ஜெர்மனிக்கோ கப்பம் கட்ட வேண்டியிருந்தது. சீமைத் தொழிற்சாலையின் கூலி, அதன் லாபம், கப்பல் சத்தம், இன்ஷூரன்ஸ், துறைமுகச் சுங்கம், சென்னையிலோ பம்பாயிலோ உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டின் கமிஷன், அங்கிருந்து ரயில் சத்தம் ஆகிய இத்தனையும் அந்த இரும்பு உருண்டையின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. பழுது பட்டால் உறுப்புக்குக் காத்திருக்கும் மாதங்களில் மில் நிற்பதால் வரும் நஷ்டம் எந்தப் பில்லிலும் எழுதப்படவில்லை. ஆயினும் அதையும் நாமே கொடுத்தோம்.

இந்த நிலையில் பீளமேட்டில், நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் என்னும் தொழிற்கூடத்தில், ஸ்ரீ டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஸ்ரீ ஜி. டி. நாயுடுவும் சேர்ந்து 1937-இல் மின்சார மோட்டாரைச் செய்து முடித்தனர். இந்தியாவிலேயே முதன்முதல் செய்த மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். அதே வருஷத்தில் கிராம்டன் பார்க்கின்ஸன் என்னும் ஆங்கிலக் கம்பெனியும் பம்பாயில் தன் கிளையை நிறுவிற்று. முதல்வர் யார் என்ற வழக்கை நாம் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. சீமைக் கம்பெனியின் வரைபடமும் உத்தரவும் இல்லாமல், நம்மவர் கையாலேயே மோட்டார் சுற்றிற்று என்பதே நமக்கு வேண்டிய விஷயம்.

மோட்டாரைச் செய்வது என்றால் என்ன? வெளிக்கூடு வார்ப்பிரும்பு, அதைக் கோவைப் பட்டறைகள் அன்றே வார்க்கத் தெரிந்திருந்தன. நடுத்தண்டு உருக்கு, கடைசல் யந்திரத்தில் கடைய வேண்டியது. இவ்விரண்டிலும் நம்மவர்க்குச் சிரமமில்லை. உள்ளே காந்த சக்தியைச் சுமக்கும் பாகமோ வேறு விஷயம். அது ஒரே கட்டியாக இருக்கலாகாது. சிலிக்கன் கலந்த உருக்கை அரை மில்லிமீட்டர் கனத்திலோ அதற்கும் மெல்லியதாகவோ தகடாக்கி, ஒவ்வொரு தகட்டுக்கும் நடுவே மின்சாரம் பாயாதபடி பூச்சுப் பூசி, பல் பல்லாக வெட்டி, நூற்றுக்கணக்கில் அடுக்க வேண்டும். கோவையில் இதை ஸ்டாம்பிங் என்பார்கள். கட்டி இரும்பாக வைத்தால் உள்ளேயே சுழல் மின்சாரம் ஓடி, சக்தியெல்லாம் சூடாகப் போய்விடும். அந்தத் தகட்டின் பற்களுக்கு இடையேயுள்ள பள்ளங்களில் வார்னிஷ் பூசிய செப்புக் கம்பியைச் சுருள் சுருளாக வைக்க வேண்டும். நடுவே சுழலும் உருளையில் அலுமினியம் வார்க்க வேண்டும். நிற்கும் பாகத்துக்கும் சுழலும் பாகத்துக்கும் இடையே மயிரிழை இடைவெளிதான் இருக்கலாம். அது அதிகப்பட்டால் மோட்டார் மின்சாரத்தைத் தின்னும், குறைந்தால் உராயும். இருபுறமும் பேரிங் வேண்டும். ஆக, செம்பு, சிலிக்கன் உருக்கு, அலுமினியம், வார்ப்பிரும்பு, பேரிங், வார்னிஷும் காகிதமுமாகிய மின்காப்புச் சாமான் ஆகிய இவையே மூலப்பொருள் செலவு. இவற்றுள் செம்பும் தகடுமே பெரும்பங்கு கொள்வன.

தொப்பம்பட்டிப் பெரியவரின் கேள்விக்கு விடை பெரும்பாலும் இவ்விரண்டிலேயே இருக்கிறது. விலை குறைந்த மோட்டாரில் கம்பியின் கனத்தைக் குறைக்கலாம். தகட்டடுக்கின் நீளத்தைக் குறைக்கலாம். மட்டமான தகட்டைப் போடலாம். செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பியே சுற்றலாம். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் திறன் செம்பில் சுமார் 60 சதவிகிதந்தான். ஆகவே அதே வேலைக்குக் கனமான கம்பி வேண்டும். பள்ளத்தில் அதற்கு இடமிராது. பெயர்ப்பலகையில் உள்ள குதிரைச்சக்தி இரண்டிலும் ஒன்றேதான். மின்சாரத்தின் அழுத்தம் குறையும் நாளில் ஒன்று தாங்கும், மற்றொன்று கருகும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு வர்ணம் மட்டுமே தெரியும்.

குதிரைச்சக்தி ஒன்றே விலையை நிர்ணயிக்கும் என்று நினைப்பதும் தவறு. தேரை மெல்ல இழுக்க ஆயிரம் பேர் வேண்டியிருக்கிறது. அதே மனிதர் தனித்தனியே ஓடினால் எவ்வளவு வேகம்! மெதுவாகச் சுற்றி அதே வேலையைச் செய்ய வேண்டுமென்றால் முறுக்குபலம் அதிகம் வேண்டும். முறுக்குபலம் அதிகமென்றால் செம்பும் இரும்பும் அதிகம். நிமிஷத்துக்கு 1,440 சுற்றுச் சுற்றும் 10 குதிரைச்சக்தி மோட்டாரைக் காட்டிலும், 720 சுற்றுச் சுற்றும் 10 குதிரைச்சக்தி மோட்டார் உருவத்திலும் எடையிலும் மிகப் பெரியது, விலையும் அவ்வாறே. ஆகையால் வேகத்தைத் தேவைக்கு மேல் குறைத்துக் கேட்கும் மில்காரர் வீண் செலவு செய்கிறார். பஞ்சுத் தூசி பறக்கும் இடத்துக்கு முழுவதும் மூடிய கூடு வேண்டும். வெடிக்கும் வாயு உள்ள இடத்துக்குத் தீப்பொறி வெளியே போகாத கனத்த கூடு வேண்டும். கிணற்றுக்குள் மூழ்கி நிற்கும் மோட்டாருக்கு நீர் புகாத கம்பி வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை.

இத்தனையும் சாமானைப் பற்றியது. ஸ்ரீ நாயுடுவின் சரித்திரத்தில் விறுவிறுப்பான பகுதி, சாமானுக்கு அப்பால் உள்ள விலையைப் பற்றியதாகும்.

தகட்டை வெட்ட ஓர் அச்சு வேண்டும். அந்த அச்சைச் செய்ய ஒரு லட்சம் ரூபாய் ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். 100 மோட்டார் மட்டும் செய்தால் மோட்டார் ஒன்றுக்கு 1,000 ரூபாய் அச்சுக் கூலியாக ஏறும். 10,000 மோட்டார் செய்தால் 10 ரூபாய்தான். பொள்ளாச்சி பஸ்ஸின் கணக்கேதான் இது. எனவே ஒரு தேசம் எத்தனை மோட்டார் செய்ய அனுமதிக்கப்படுகிறது என்பதே அதன் விலையில் பெரும்பகுதியை நிர்ணயிக்கிறது. அனுமதி என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதினோம்.

1930-களில் ஐரோப்பா சென்ற ஸ்ரீ நாயுடு, ஜெர்மன் தொழிற்சாலைகளைக் கண்ணாரக் கண்டார். மின்கலத்தால் ஓடும் க்ஷவர யந்திரம் ஒன்றை, கைக்குள் அடங்கும் சிறு மோட்டார் வைத்துச் செய்து, ரேஸண்ட் என்ற பெயரில் வெளியிட்டார். 1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து கொடுக்க முடியும் என்று காட்டினார். 1952-இல் இருவர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாயில் செய்து நிறுத்தினார். வேறு எவர்க்கும் தோன்றாத ரகசியம் எதுவும் இதில் இல்லை. துண்டு துண்டாகக் கழற்றி, இது வேண்டுமா, இதற்கு இவ்வளவு வேண்டுமா என்று கேட்டதன் பலனே அவ்விலை.

ஆனால் ரேடியோ நம் வீடுகளுக்கு 70 ரூபாயில் வரவில்லை, காரும் வரவில்லை. காருக்கு லைசென்ஸ் மறுக்கப்பட்டது. 1951-ஆம் வருஷத்துக் கைத்தொழில் அபிவிருத்தி, ஒழுங்குபடுத்தல் சட்டம் 1952-இல் அமுலுக்கு வந்தது. அச்சட்டத்தில் கண்ட தொழில்களில் இன்ன சாமானை இன்ன இடத்தில் இத்தனைதான் செய்யலாம் என்று விதிக்கும் அதிகாரம் டில்லிக்குப் போயிற்று. சட்டத்தின் நோக்கத்தை நாம் குறைகூறவில்லை. புதிதாகச் சுதந்தரமடைந்த தேசத்தில் உருக்கும் அன்னிய நாணயமும் அரிதாயிருந்தபோது பங்கீடு அவசியமாயிருந்தது. ஆயினும் பங்கிடுவோனுக்கு மனு எழுதத் தெரிந்தவன் முன்னே தெரிவான். செய்யத் தெரிந்தவன் பின்னே நிற்பான். கச்சேரிகளில் நாம் தினந்தோறும் காணும் காட்சிதான் இது. 2,000 ரூபாய்க் கார் ஒன்று செய்தால் அது காட்சிப்பொருள். ஒரு லட்சம் செய்தால்தான் அது விலை. அந்த ஒரு லட்சத்துக்கு உத்தரவு கிடைக்கவில்லை. 1991 வரையில் இந்தக் கட்டுப்பாடு தொடர்ந்தது.

வரி மற்றொரு துன்பம். இரண்டாம் யுத்த காலத்தில் கப்பல்கள் நின்றதால் சீமைச் சரக்கு வருவது அருகிற்று. கோவைப் பட்டறைகளுக்கு வேலை குவிந்தது. உடனே, 1940-இல், அதிக லாப வரி வந்தது. மறு வருஷமே அதன் விகிதம் மூன்றில் இரண்டு பங்காக உயர்ந்தது. லாபத்தைப் புது அச்சிலும் புது யந்திரத்திலும் போட்டால் அடுத்த வருஷம் சாமான் மலிவாகும். வரியாகப் போனால் அந்த வழி அடைபடும் என்பது ஸ்ரீ நாயுடுவின் கட்சி. சுதந்தரத்துக்குப் பின்னும் வரிச் சுமையைக் குறித்து அவர் ஓயாமல் போராடினார். 1950-களில் தாம் செய்த சாமான்களைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்தெறிந்து ஆட்சேபம் தெரிவித்ததும் உண்டு. அச்செய்கையை நாம் மெச்ச மாட்டோம். தொழிலாளியின் வேர்வை பட்ட பொருளை உடைப்பது, கோபம் எவ்வளவு நியாயமானதாயினும், பார்க்கச் சகியாத காட்சி. வரிகொடாப் போராட்டத்தை விளையாட்டாகக் கருதாத பரம்பரையில் வந்தவர்கள் நாம். ஆனால் சர்க்கார் இல்லாமல் பைக்காராவும் இல்லை என்பதை மறக்க இயலாது.

விலையின் மற்றோர் உறுப்பு கைத்திறன். செம்புக் கம்பியைப் பள்ளத்தில் இடம் வீணாகாமல் அடுக்கத் தெரிந்த கை, கம்பியின் மேற்பூச்சு உரியாமல் மடக்கத் தெரிந்த கை, தகட்டைப் பிசிறில்லாமல் வெட்ட அச்சுத் தீட்டத் தெரிந்த கை இல்லாவிடில், பத்தில் இரண்டு மோட்டார் பரிசோதனையிலேயே தள்ளுபடியாகும். அந்த இரண்டின் செலவை எட்டு சுமக்கும். இதை உணர்ந்த ஸ்ரீ நாயுடு தொழிற்கல்விக்குப் பெரும் பொருள் கொடுத்தார். கோவையில் 1945-இல் சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரால் அமைந்த பொறியியல் கல்லூரி அவர் முயற்சியாலும் நன்கொடையாலும் எழுந்தது. இன்று அது அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர் அதற்குப் பிரின்ஸிபாலாக அமர்ந்தார்! நான்கு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷத்தில் கற்பித்துவிடலாம் என்று அவர் வற்புறுத்தியதை வெள்ளைக்கார சர்க்கார் ஏற்கவில்லை. பதவியை விட்டு விலகினார். இரண்டு வருஷம் போதுமா என்பதில் நமக்குச் சந்தேகமுண்டு. ரேடியோ ரிப்பேருக்குப் போதலாம். காந்தக் கணக்கைப் போட்டு மோட்டாரை வரைவதற்குப் போதாது. நம் நாட்டு மோட்டார்கள் நெடுங்காலம் அன்னிய வரைபடங்களின் நகலாகவே இருந்ததற்கு, கைத்திறனுக்கு நிகராகக் கணக்கறிவு வளராததும் ஒரு காரணம் என்பது நம் அபிப்பிராயம். அறிவுக்கும் விலையுண்டு, அதைச் சொந்தமாக வைத்திராதவன் ராயல்டியாகக் கொடுக்கிறான்.

ஸ்ரீ நாயுடுவிடம் குறையே இல்லையென்று எழுதுவது அவருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. அவர் மனம் ஒரிடத்தில் நிற்கவில்லை. மோட்டார் சுற்றியதும் க்ஷவரக் கத்தி. அது முடிந்ததும் ரேடியோ. பிறகு பப்பாளி, பருத்தி, கார், வோட்டுப் பதிவு யந்திரம். ஒன்றைச் செய்ய முடியும் என்று நிரூபிப்பதில் இருந்த ஆவல், அதையே பதினாயிரம் தரம் செய்து ஒவ்வொரு தரமும் காலணா குறைப்பதில் அவருக்கு இருக்கவில்லை. மோட்டார் மலிவானது அந்தப் பொறுமையால்தான். அது ஸ்ரீ பாலசுந்தரம் நாயுடுவைப் போன்றோரிடம் இருந்தது. பிற்பாடு அவர் நிறுவிய டெக்ஸ்டூல் தொழிற்சாலை அதற்குச் சாட்சி. பீளமேட்டிலும் கணபதியிலும் சந்து சந்தாக முளைத்த பெயர் தெரியாத பட்டறைகளிலும் அப்பொறுமை இருந்தது. ஒருவன் கூடு மட்டும் வார்ப்பான். ஒருவன் தண்டு மட்டும் கடைவான். ஒருத்தி சுருள் மட்டும் சுற்றுவாள். ஒவ்வொருவரும் ஒரு வேலையையே செய்வதால் அச்சின் செலவு பல கம்பெனிகளுக்குப் பங்காகிறது. இந்தியாவில் உற்பத்தியாகும் பம்ப்செட்டுகளில் சுமார் பாதி கோவை வட்டாரத்தினின்று வருவதாகக் கணக்கிடப்படுவது இந்தப் பங்கீட்டின் பலனே.

இவ்வளவு இருந்தும், அந்தப் பட்டறைக்காரர் தம் மோட்டாருக்குத் தாமே விலை வைக்கும் நிலையில் இல்லை. செம்பின் விலை லண்டன் உலோகச் சந்தையில் நிர்ணயமாகிறது. 2020 மார்ச்சில் டன்னுக்கு 5,000 டாலருக்கும் கீழே இருந்த செம்பு, 2024 மே மாதத்தில் 10,000 டாலரைத் தாண்டிற்று. நான்கு வருஷத்தில் இரட்டிப்பு! பெரிய கம்பெனி முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து தப்பிக்கும்; சிறு பட்டறை, விலை பேசிய நாளுக்கும் கம்பி வாங்கும் நாளுக்கும் இடையே ஏறிய தொகையைத் தன் கூலியிலிருந்து கொடுக்கும். தூத்துக்குடியில் இருந்த தாமிர ஆலை, 13 உயிர்களைப் பலிகொண்ட துப்பாக்கிப் பிரயோகத்துக்குப் பின் 2018-இல் மூடப்பட்டது. அதன்பின், சுத்திகரித்த செம்பை வெளியே அனுப்பிவந்த இந்தியா அதை வாங்கும் நாடாயிற்று. அவ்வூராரின் மூச்சைப் பணயம் வைத்துச் செம்பு மலிவாக வேண்டாம். ஆனால் அதற்கு மாறாக என்ன ஏற்பாடு என்று கேட்கும் உரிமை பட்டறைக்காரருக்கு உண்டு. டில்லியும் சென்னையும் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவை. சிறு உற்பத்தியாளர்க்கு மாத ஆரம்பத்தில் அறிவித்த விலையில் மாதம் முழுதும் கம்பியும் தகடும் கிடைக்கச் செய்வது அசாத்தியமான காரியமன்று. தனி மோட்டாரின் மேல் விதிக்கப்படும் 18 சதவிகித சரக்கு சேவை வரியை மில்காரர் தம் கணக்கில் கழித்துக்கொள்கிறார். தொப்பம்பட்டி விவசாயிக்குக் கழித்துக்கொள்ளக் கணக்கு இல்லை.

கடைசியாக, கடைவிலை மட்டுமே மோட்டாரின் விலையன்று. 10 குதிரைச்சக்தி, அதாவது 7.5 கிலோவாட் மோட்டார் ஒன்று நூல் மில்லில் முழுச்சுமையுடன் வருஷத்துக்கு 8,000 மணி நேரம் சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். அதன் திறன் 86 சதவிகிதமாயின் சுமார் 70,000 யூனிட் மின்சாரம் செலவாகும். யூனிட் 7 ரூபாய் என்று கொண்டாலும் ஏறக்குறைய 4,90,000 ரூபாய். மோட்டாரின் கிரயம் அதற்கு முன் அற்பம். செம்பும் நல்ல தகடும் அதிகம் போட்டுத் திறனை 90.4 சதவிகிதமாக உயர்த்தினால், வருஷத்துக்கு ஏறத்தாழ 3,400 யூனிட், அதாவது 24,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக மிச்சம். ஆகவே கெட்டிக்கார மில்காரர் விலை கூடிய மோட்டாரையே வாங்குகிறார். விவசாயிக்கோ தமிழ்நாட்டில் மின்சாரம் இலவசம். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், பின்பு 1990-ஐ ஒட்டி எல்லா விவசாயிகளுக்கும் அச்சலுகை கிடைத்தது. அதை எதிர்ப்பவர் அல்லோம். ஆனால் அதன் விளைவாகத் திறன் குறைந்த மோட்டாரின் நஷ்டம் வாங்குபவன் பையிலிருந்து போகாமல் மின்வாரியத்தின் கணக்கில் ஏறுகிறது. அவன் கண்ணுக்குத் தெரிவது கடைவிலை ஒன்றே. மட்டமான மோட்டார் மில்லுக்குப் போகாமல் கிணற்றுக்கு வருவதன் காரணம் இதுதான். நல்ல மோட்டாருக்கும் மட்டமானதற்கும் உள்ள கிரய வித்தியாசத்தைச் சர்க்கார் கொடுத்துவிட்டால், மிச்சமாகும் மின்சாரத்திலேயே அத்தொகை திரும்பிவிடும். ஸ்ரீ நாயுடு இருந்திருந்தால் இக்கணக்கைச் சுவரில் எழுதி வைத்திருப்பார்.

அவர் 1974-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 4-ஆம் தேதி காலமானார். அவர் அமைத்த கைத்தொழிற் காட்சிசாலை கோவையில் இருக்கிறது.

தொப்பம்பட்டிப் பெரியவர் புது மோட்டார் எதையும் அன்று வாங்கவில்லை. பழையதற்கே செப்புக் கம்பியால் காயில் கட்டச் சொன்னார். கடைக்காரர் கருகிய சுருளை அறுத்தெடுத்துத் தராசில் வைத்தார். அந்தப் பழைய செம்பின் எடைக்கு அன்றைய விலை போட்டு, கூலியில் கழித்துக்கொண்டார். எடைக்கல்லைப் பெரியவர் கையில் எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார்.